டயாலிசிஸ் மெஷின் வந்துவிட்டது, ஓட்டுவது யார்? டெல்டாவில் சி.எஸ்.ஆர். நிதி

வேதாரண்யம், தலைஞாயிறு, முத்துப்பேட்டை, சீர்காழிக் கடலோரம் என்று உப்புத்தண்ணீர் உள்ள பகுதிகளில் பல ஊர்களில் ஒரே காட்சியைப் பார்க்கலாம். பெயின்ட் அடித்த சின்ன அறை. வாசலில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் பொறித்த கல்வெட்டு. உள்ளே ஓடாத ஆர்.ஓ. பிளான்ட். பக்கத்துத் தெருவில் கேன் தண்ணீர் வண்டி நிற்கும். கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து நல்ல மனதோடு கொடுத்த பணம்தான், ஆனால் அது வாங்கிக் கொடுத்தது பிளான்ட்டை மட்டுமே. பிளான்ட்டை ஓட்டுகிறவருக்கும் வடிகட்டி மாற்றுவதற்கும் மின்கட்டணத்துக்கும் யாரும் வழி செய்யவில்லை.

ஏன் என்று கேட்டால் நிறுவனத் தரப்பிலும் ஊர்த் தரப்பிலும் ஒரே பதில்தான் வரும்: "சம்பளமெல்லாம் சி.எஸ்.ஆர்.ல தர முடியாதுங்க." இது தவறு. சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. இந்த ஒரு தவறான நம்பிக்கையால் டெல்டாவில் வீணான பணம் கொஞ்சமல்ல.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகரச் சொத்து மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மூன்று ஆண்டுகளில் 6, 8, 10 கோடி லாபம் என்றால் சராசரி 8 கோடி. செலவிட வேண்டியது 16 லட்சம். இந்தத் தொகை 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால் தனிக் குழு அமைக்க வேண்டியதில்லை, இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். நடுத்தரக் கம்பெனியிடம் போய்ப் பேசுகிறவர்களுக்கு இது முக்கியம். அங்கே முடிவெடுப்பவர்கள் நாலைந்து பேர்தான், நேரில் பார்த்துப் பேச முடிகிறவர்கள்.

சம்பள விஷயத்துக்கு வருவோம். நிர்வாகச் செலவு மொத்தச் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி சொல்வது உண்மை. ஆனால் அந்த நிர்வாகச் செலவு என்பது கம்பெனி தன் அலுவலகத்தில் சி.எஸ்.ஆர். வேலையைக் கவனிப்பதற்கு ஆகும் பொதுச் செலவு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று அதே விதி தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது. ஆக, டயாலிசிஸ் டெக்னீஷியனின் சம்பளமும் ஆர்.ஓ. பிளான்ட் இயக்குபவரின் சம்பளமும் திட்டச் செலவுதான். அந்த 5 சதவீத வரம்பு அவற்றுக்குப் பொருந்தாது. கூடவே, 'தொடர் திட்டம்' என்று அறிவித்துவிட்டால், தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் அதை நடத்தலாம். அந்த ஆண்டு செலவாகாத பணத்தை, நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிட வேண்டும். தொடர் திட்டம் இல்லையென்றால் மிச்சப் பணம் ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட நிதிகளில் ஒன்றுக்குப் போய்விடும். பிப்ரவரி, மார்ச்சில் கம்பெனிகள் அவசர அவசரமாகப் பொருள் வாங்கித் தருவதற்கு இதுதான் காரணம். தொடர் திட்டமாக எழுதிக் கொடுத்தால் அந்த அவசரமே தேவையில்லை.

டெல்டாவுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. கம்பெனி தான் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது சட்டம். ஆலை இருக்கும் இடத்துக்குப் பணம் போகும். டெல்டாவோ நெல் விளையும் பூமி. பெரிய ஆலைகள் ஓரங்களில்தான் இருக்கின்றன: திருவெறும்பூரில் பி.ஹெச்.இ.எல்., அரியலூர் வட்டாரத்திலும் டால்மியாபுரத்திலும் சிமென்ட், கரூர் பக்கம் காகித ஆலை. உள்ளே பார்த்தால் காரைக்காலை மையமாகக் கொண்ட ஓ.என்.ஜி.சி., நாகை பனங்குடி, நரிமணம் பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனமான சி.பி.சி.எல்., காரைக்கால் துறைமுகம், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களையும் உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றையும் தடுத்தது. அது நியாயமான சட்டம், சோறு போடும் மண்ணைக் காக்க வேண்டியதுதான். ஆனால் அதன் விளைவாக, ஆலை வந்து அதன் பின்னால் சி.எஸ்.ஆர். பணம் வரும் வழி இங்கே குறுகலாகத்தான் இருக்கும். இதற்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. உள்ளூர் முன்னுரிமை என்பது வழிகாட்டுதல்தான், கட்டாயமல்ல என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறது. சென்னை, ஓசூர், கோவைக் கம்பெனிகளிடமும் டெல்டா ஊர்கள் தாராளமாகக் கேட்கலாம்.

கேட்கும்போது ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வேறு எந்தச் சட்டத்தின்படியும் கம்பெனி செய்தே ஆக வேண்டியதைச் சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத முடியாது. குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவினால் அதைச் சுத்தம் செய்வதும் பயிர் இழப்பீடு தருவதும் கடமை. சுற்றுச்சூழல் அனுமதியில் விதித்த நிபந்தனையும் அப்படியே. தன் ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படும் மருத்துவமனையும் கணக்கில் வராது. "உங்க ஊருக்கு ஹைமாஸ் விளக்கு போட்டுத் தர்றோம், எண்ணெய்க் கசிவுப் பிரச்சினையை விடுங்க" என்று யாராவது பேச்சைத் தொடங்கினால், இரண்டும் வேறு வேறு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆர்.ஓ. பிளான்ட்டைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். டெல்டாக் கடலோரத்தில் அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தரப்படுவதும் அதுதான். மணிக்கு 1,000 லிட்டர் நல்ல தண்ணீர் தரும் பிளான்ட் எட்டு மணி நேரம் ஓடினால் 8,000 லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் 400. உள்ளே போகும் தண்ணீரில் பாதிதான் நல்ல தண்ணீராக வெளிவருகிறது என்று வைத்துக்கொண்டால், மீதி 8,000 லிட்டர் கழிவாகப் போகும். ஆழ்குழாய்த் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம், வடித்த தண்ணீரில் 100 என்றால், கழிவில் 3,900 இருக்கும். உப்பு எங்கேயும் மறைந்துவிடாது. அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விட்டால் கீழ்மடை வயலுக்குப் போகும், குளத்தில் விட்டால் குளம் உவர்ப்பாகும். திட்டத்தில் கழிவுநீருக்கு வழி எழுதாத பிளான்ட்டை ஊர் ஏற்கவே கூடாது. கழிப்பறைக்கும் தரை கழுவவும் ஒரு தொட்டியில் பிடித்து வைக்கலாம். கடலோர ஊரானால் உப்பனாற்றோடு சேரும் வடிகாலில் விடலாம்.

பிளான்ட் ஏன் நின்று போகிறது? பெரும்பாலும் உப்பைப் பிரித்தெடுக்கும் சவ்வான மெம்பரேன் அடைத்துக்கொள்வதால்தான். டெல்டாவின் நிலத்தடி நீரில் பல இடங்களில் இரும்புச் சத்து உண்டு. குடத்தில் பிடித்து வைத்தால் செம்மண் நிறத்தில் படிவதே அதற்கு அடையாளம். மணல் வடிகட்டியையும் கரி வடிகட்டியையும் நாள்தோறும் பின்னோக்கிக் கழுவாவிட்டால் இரும்பு நேராக மெம்பரேனில் போய் உட்காரும். ஐந்து மைக்ரான் கார்ட்ரிட்ஜ் வெள்ளையாகப் போய்ப் பழுப்பாக வெளிவரும், அதைக் காலத்தில் மாற்ற வேண்டும். உப்புப் படியாமல் இருக்க ஆன்டிஸ்கேலன்ட் என்ற மருந்து சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கேன் தீர்ந்த பிறகும் மோட்டாரைப் போட்டால் சில மாதங்களில் மெம்பரேன் கல்லாகிவிடும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று ஆண்டு வரக்கூடிய மெம்பரேன் அது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்தமானிகளைத் தினமும் பார்த்து நோட்டில் எழுதினால், எப்போது அடைக்கத் தொடங்குகிறது என்பது வாரக்கணக்கில் முன்பே தெரிந்துவிடும். இதற்கு ஓர் ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். குடம் ஐந்து ரூபாய் என்று வைத்து நாளுக்கு 200 குடம் போனால் மாதம் 30,000 ரூபாய் வரும். ஆள் சம்பளம், மின்கட்டணம், கார்ட்ரிட்ஜ், மருந்து, மெம்பரேனுக்கு மாதா மாதம் ஒதுக்கும் தொகை எல்லாம் அதற்குள் அடங்குமா என்று கல்வெட்டு வைப்பதற்கு முன் ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். இலவசமாகத் தருவோம் என்று தொடங்கிய பிளான்ட்டுகள்தான் முதலில் நிற்கின்றன.

ஆனால் எல்லா ஊருக்கும் ஆர்.ஓ. தேவையில்லை. குடிநீரில் கரைந்த உப்பு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தரநிலை. கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வரும் ஊரில் கோளாறு பெரும்பாலும் தண்ணீரில் இருக்காது, ஊருக்குள் இருக்கும்: உடைந்த வால்வுக் குழி, அதில் தேங்கும் சாக்கடை, கழுவாத மேல்நிலைத் தொட்டி. அங்கே நிறுவனம் தர வேண்டியது வால்வு, குழாய், தொட்டிக்கு ஏணி, தண்ணீரில் மிச்சமுள்ள குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் ஒன்று. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டி கழுவ வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 2.5 முதல் 4 கிராம் வரை பிளீச்சிங் பவுடரைத் தனி வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பவுடர் மூட்டையைத் திறந்தபடி வைத்தால் ஈரக்காற்றில் வீரியம் போய்விடும், மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் ஒன்று வேண்டும். செலவு சில ஆயிரம்தான் என்பதாலோ என்னவோ, இதற்குப் பணம் தர யாரும் முன்வருவதில்லை. வயிற்றுப்போக்கைத் தடுக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

அடுத்து டயாலிசிஸ். இதிலும் கணக்கைப் பார்த்தாலே பாதி புரியும். நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் நான்கு மணி நேரம் ஓடினால் ஒருவருக்கு 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும், கழுவுவதற்குத் தனியாக. ஒரு மெஷின் நாளுக்கு மூன்று ஷிப்ட், வாரம் ஆறு நாள் ஓடினால் 18 முறை. ஒருவருக்கு வாரம் மூன்று முறை என்றால் ஒரு மெஷின் ஆறு பேரைத் தாங்கும். டெக்னீஷியன் ஒருவர் மட்டும் இருந்து ஒரே ஷிப்ட் ஓடினால் தாங்குவது இரண்டு பேரைத்தான். கம்பெனி ஐந்து மெஷின் கொடுத்தும் வரிசை குறையாத மருத்துவமனையில் இதுதான் நடக்கிறது. ஐந்து மெஷினுக்குப் பதிலாக மூன்று மெஷின், கூடவே மூன்று ஆண்டுக்கு இரண்டு டெக்னீஷியன் என்று கேட்டால் அதிகம் பேர் பிழைப்பார்கள். மஞ்சள் காமாலை பி கிருமி உள்ளவருக்குத் தனி மெஷின் ஒதுக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். உப்புத்தண்ணீர் ஊரில் டயாலிசிஸ் பிரிவின் ஆர்.ஓ.வுக்குக் குடிநீர் பிளான்ட்டை விடக் கறாரான பராமரிப்பு வேண்டும், ஜெனரேட்டரும் வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸுக்குப் பணம் தருவதால் அன்றாடச் செலவில் ஒரு பகுதி அரசு மருத்துவமனைக்குத் திரும்பி வரும். அது வரும் வழியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், கம்பெனி விலகிய பிறகும் பிரிவு ஓடும்.

மருத்துவ முகாம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்தில் நடக்கும் ஒரு நாள் முகாமில் 160/100 ரத்த அழுத்தம் என்று கண்டுபிடித்து ஐந்து நாள் மாத்திரை கொடுத்தனுப்பினால் ஆறாம் நாள் அவர் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவார். 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே மாதாந்திர மாத்திரை வருகிறது. முகாமில் கண்டறிந்தவர்களின் பட்டியல், அவர்கள் சம்மதத்தோடு, அன்று மாலையே கிராம சுகாதார செவிலியர் கைக்குப் போக வேண்டும். அது நடக்காத முகாமுக்குச் செலவழிப்பதை விட துணை சுகாதார நிலையத்துக்கு ரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரைப் பரிசோதனைப் பட்டையும் ஆண்டு முழுக்க வாங்கித் தருவது மேல். முகாம் நாளைக் குறிக்கும்போது வயல் வேலையையும் பார்க்க வேண்டும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை நடவு, பின்பு சம்பா, தாளடி, தையில் அறுப்பு. நடவுக்காலத்தில் பகல் பத்து மணிக்கு முகாம் வைத்தால் வரவேண்டிய பெண்கள் வயலில் இருப்பார்கள், வந்தால் ஒரு நாள் கூலி போகும். சித்திரை, வைகாசியில் வையுங்கள், இல்லையென்றால் மாலை ஐந்து மணிக்கு மேல் வையுங்கள்.

டெல்டாவுக்கே உரிய ஒரு தேவையை நிறுவனங்கள் இன்னும் சரியாகக் கண்டுகொள்ளவில்லை: பாம்புக்கடி. 2024 நவம்பரில் தமிழக அரசு இதை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய அறிவிக்கை நோயாக ஆக்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், பத்துக் குப்பியில் தொடங்குகிறார்கள். பொடியாக வரும் மருந்து வெளி வெப்பத்தைத் தாங்கும், திரவமாக வருவது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் வாங்கித் தரும் முன் எது வருகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியைக் கண்டறியும் சோதனைக்குத் தேவை ஒரு கண்ணாடிக் குழாய்தான்: 2 மில்லி ரத்தம், அசைக்காமல் 20 நிமிடம், பிறகு சாய்த்துப் பார்த்தால் உறைந்திருக்க வேண்டும், உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது. குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புப் போட்டுக் கழுவியதாக இருந்தாலோ முடிவு தப்பாகும். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாய்கள் ஒரு பெட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்போதும் இருக்க வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் மூச்சுத் தசை செயலிழக்கும். மருந்து ஏறும் வரையிலும் பெரிய மருத்துவமனை போய்ச் சேரும் வரையிலும் கையால் காற்றை அழுத்தித் தரும் ஆம்பு பேக்கும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த செவிலியரும் உயிர் காப்பார்கள். நிறுவனம் பயிற்சிக்குப் பணம் தர வேண்டிய இடம் இது.

தடுப்பு என்று வரும்போது கம்பூட்ஸ் விநியோகம் செய்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நடவுச் சேற்றில் கம்பூட்ஸ் இழுத்துக்கொள்ளும், யாரும் போட மாட்டார்கள். அறுப்பு, வைக்கோல் கட்டு, இரவு மடை திறக்கப் போவது, இவற்றுக்கு அது உதவும். இரவில் வரப்பில் நடப்பவருக்கு டார்ச் அதைவிட உதவும். கட்டுவிரியன் பெரும்பாலும் தரையில் படுத்துத் தூங்குபவரைத்தான் கடிக்கிறது. கூரை வீடுகளுக்குக் கட்டிலும், ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிய கொசுவலையும் தருவது நேரான தடுப்பு.

புயல் காலத்தைப் பற்றி ஒன்று. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்த பிறகு லாரி லாரியாகப் பழைய துணி வந்து குவிந்தது. பல ஊர்களுக்குத் தேவைப்பட்டது குடிநீர் மோட்டாரை ஓட்ட ஜெனரேட்டரும் தார்ப்பாயும். பேரிடர் மேலாண்மை, மறுவாழ்வு, மறுகட்டமைப்பு ஆகியவை 2019இலேயே, எந்தப் பணிகளுக்குச் சி.எஸ்.ஆர். பணம் செலவிடலாம் என்று பட்டியலிடும் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் சேர்ந்துவிட்டன. ஆகவே ஐப்பசிக்கு முன்பே ஒன்றியத்துக்கு இரண்டு நடமாடும் ஜெனரேட்டர் வாங்கிப் புயல் பாதுகாப்பு மையத்தில் நிறுத்திவைக்கச் சி.எஸ்.ஆர். பணத்தைக் கேட்கலாம். முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குக் கம்பெனி தரும் நன்கொடை சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்பதையும் கேட்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் பெரிய கம்பெனிகளைப் பற்றி. டெல்டாவில் அதிகம் பேருக்கு வேலை தருவது அரிசி ஆலை, செங்கல் சூளை, ஐஸ் பேக்டரி, கயிற்று ஆலை. இவற்றில் பல தனியுரிமையோ கூட்டாண்மையோதான், கம்பெனியே அல்ல. 135ஆம் பிரிவு இவர்களைத் தொடாது. இங்கே தொழிலாளியின் உடல்நலத்துக்கு ஆலை முதலாளி செய்யக்கூடிய பெரிய காரியம் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். 12,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு முதலாளி கட்டுவது 390 ரூபாய், தொழிலாளி 90. அதற்குக் குடும்பம் முழுவதற்கும் மருத்துவம், நோய்க்கால ஊதியம், பிரசவப் பலன், வேலையில் அடிபட்டால் உதவித்தொகை எல்லாம் உண்டு. பத்துப் பேருக்குக் கீழே கணக்குக் காட்ட எட்டுப் பேரை மட்டும் பதிவேட்டில் எழுதி, மூட்டை தூக்குபவர்களை விட்டுவிடும் ஆலை, ஆயுத பூஜையன்று எத்தனை இலவச முகாம் நடத்தினாலும் அந்தக் குறை ஈடாகாது. உமித் தூசிக்கு முகக்கவசமும், தூசியை இழுக்கும் சைக்ளோன் கருவியும், நெல் ஊறவைத்த தண்ணீரைச் சுத்திகரித்து வெளியே விடுவதும் அடுத்த வீட்டுக்காரரின் மூச்சையும் கிணற்றையும் காக்கும்.

கடைசியாக, கேட்கும் முறை. ஊர் அறக்கட்டளை வழியாகப் பணம் வர வேண்டுமானால் அது வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவோடு, கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து எண் பெற்றிருக்க வேண்டும். மூன்றாண்டு இதே பணியில் அனுபவமும் காட்ட வேண்டும். அது இல்லாத ஊர் அமைப்பு, கம்பெனியே நேரடியாகச் செய்து ஊராட்சியிடமோ மருத்துவமனையிடமோ ஒப்படைக்கும்படி கேட்கலாம். விண்ணப்பத்தைக் கோடையிலேயே கொடுத்துவிட வேண்டும். மார்ச்சில் போனால் மிச்சப் பணத்துக்கு என்ன பொருள் கிடைக்கிறதோ அதுதான் வரும். வட்டார மருத்துவ அலுவலரின் கையெழுத்தோடு தேவைப் பட்டியல் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒப்பந்தத்தில் ஐந்து விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: சொத்து யாருடையது, மின் இணைப்பு யார் பெயரில், பராமரிப்பு எத்தனை ஆண்டு, இயக்குபவர் சம்பளம் யார் தருவது, நான்காம் ஆண்டு யார் பொறுப்பு. மின் இணைப்பை நிறுவனத்தின் ஒப்பந்ததாரர் பெயரில் வாங்கிவிட்டு, வேலை முடிந்ததும் அவர் போய்விட்டால், கட்டணம் கட்டாமல் பியூஸ் பிடுங்கிய அன்றே பிளான்ட் நின்றுவிடும். இணைப்பு முதல் நாளிலிருந்தே ஊராட்சி பெயரிலோ மருத்துவமனை பெயரிலோ இருக்கட்டும்.